கரும்பு வேர்ப்புழுவுக்கு நூற்புழு: இடும்போது கவனிக்க வேண்டியவை

நூற்புழு என்றதும் வேரில் முடிச்சுப் போடும் பகையாளிதான் விவசாயிகளின் நினைவுக்கு வரும். ஆனால் 'ஹெட்டிரோராப்டைடிஸ் இண்டிகா' என்னும் நூற்புழு பயிரைத் தொடுவதில்லை, பூச்சிகளையே தாக்குகிறது. கோயம்புத்தூரில் கரும்பைத் தாக்கும் நுனிக்குருத்துப்புழுவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, 1992-இல் இது புதிய இனமாக விவரிக்கப்பட்டது.

தூரின் அடியில் அரைவட்டமாகச் சுருண்டு வேரைத் தின்னும் வெள்ளை வேர்ப்புழுவின் உடலுக்குள், அதன் வாய், ஆசனவாய், மூச்சுத்துளைகள் வழியாக நுழையும் இந்நூற்புழு, தன் குடலில் சுமந்துவரும் பாக்டீரியாவை வெளியிட்டு, பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் அதைக் கொன்றுவிடுகிறது.

வெயிலும் வறட்சியும் நூற்புழுவுக்கு ஆகாது. ஆகவே பாசனம் செய்த மண்ணில், மாலை வேளையில், நூற்புழு கலந்த நீரை வேர்ப்பகுதி நனையுமாறு ஊற்றி, மறுபடியும் லேசாக நீர் விட வேண்டும். தெளிப்பானைப் பயன்படுத்தினால் நுண்வடிகட்டியைக் கழற்றிவிடுவது அவசியம். நூற்புழுக்கள் அடியில் படிந்துவிடுவதால் கரைசலை அடிக்கடி கலக்கவும் வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: முதல் வரிசைக்கு வெறும் நீரும் கடைசி வரிசைக்கு நூற்புழுவும் போய்ச் சேர்கின்றன.

கோடை மழைக்குப் பின் வண்டுகள் இடும் முட்டைகளிலிருந்து வெளிவரும் வேர்ப்புழுக்கள் சிறியனவாக இருக்கும்போதே இட்டால் பலன் கூடும். ஒரு வாரம் கழித்துத் தூரைத் தோண்டிப் பார்க்கும்போது செங்கல் நிறத்தில் செத்த புழுக்கள் கிடைத்தால், அவற்றை எடுத்து எறியாமல் மண்ணிலேயே மூடிவிடுங்கள்; அடுத்த தலைமுறை நூற்புழுக்கள் அவற்றுக்குள்தான் பெருகிக்கொண்டிருக்கின்றன.