குளிர் முதுகுப் பக்கமாக வருகிறது: குளிர்கால முகாமில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர்காலத்தில் முதன்முதலாகக் கூடாரம் போட்டுத் தங்கியபோது, கையிலிருந்த பணத்தில் பெரும்பகுதியைக் கொட்டி, உள்ளே நுழைந்து படுத்துக்கொள்ளும் நல்ல ஸ்லீப்பிங் பேக் ஒன்றை வாங்கியிருந்தேன். கீழே விரிப்பதற்கு, வீட்டில் விருந்தாளிகளுக்காக வைத்திருந்த காற்றடைத்த மெத்தை. நள்ளிரவு தாண்டியதும் முதுகு சில்லிட்டு விழித்துக்கொண்டேன். மார்பு வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. முதுகு மட்டும் ஈரச் சுவரில் சாய்ந்தது போல இருந்தது. ஒருக்களித்துப் படுத்தேன், தோள்பட்டையும் இடுப்பும் குளிர்ந்தன. கொண்டுபோன சட்டைகள் அத்தனையையும் மாட்டிக்கொண்டும் பயனில்லை. விடியும்வரை புரண்டுகொண்டே கிடந்தேன்.

ஸ்லீப்பிங் பேக் சூட்டை உண்டாக்குவதில்லை என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. கூடாரத்தில் சூடு தருவது நம் உடம்பு ஒன்றுதான். பை, பாய், துணி எல்லாம் அந்தச் சூடு ஒழுகிப் போகாமல் அடைக்கும் வேலையைச் செய்கின்றன. குளிர்கிறது என்றால் எங்கே ஒழுகுகிறது என்று தேட வேண்டும். நானோ மேலே மேலே போர்த்திக்கொண்டிருந்தேன். ஓட்டை கீழே இருந்தது.

பைக்குள் இருக்கும் இறகோ செயற்கைப் பஞ்சோ நேரடியாகச் சூட்டைப் பிடித்து வைப்பதில்லை. அவற்றின் இடையே சிக்கிக்கொண்ட காற்றுதான் அந்த வேலையைச் செய்கிறது. நாம் படுத்ததும் அடிப்பக்கம் நம் எடையில் நசுங்கிக் காற்று வெளியேறிவிடுகிறது. எவ்வளவு விலை உயர்ந்த பையாக இருந்தாலும் முதுகுக்குக் கீழே அது ஏறக்குறைய வெறும் துணிதான். அங்கே காப்பாற்ற வேண்டியது பாய். என் காற்று மெத்தை அதற்கும் உதவவில்லை. அதன் உள்ளே இருந்த பெரிய வெற்றிடத்தில் காற்று சுழன்று சுழன்று என் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

முகாமுக்கென்றே செய்யப்படும் பாய்களில் ‘ஆர்-வேல்யூ’ என்று ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். சூடு தரைக்கு இறங்குவதை அந்தப் பாய் எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு அது. 2 என்றால் கோடைக்குப் போதும். பனியின் மேல் படுப்பதானால் 5 அல்லது அதற்கு மேல் வேண்டும். இதில் ஒரு வசதி, இரண்டு பாய்களை அடுக்கினால் எண்களும் கூடும். மடக்கும் ஃபோம் பாய் ஒன்றின் 2, அதன் மேல் காற்றடைக்கும் பாயின் 3.5, ஆக மொத்தம் 5.5. நடுராத்திரியில் காற்றுப் பாய் பஞ்சராகிவிட்டாலும் ஃபோம் கைவிடாது. ஏதாவது ஒன்றுக்குத்தான் தாராளமாகச் செலவழிக்க முடியும் என்றால், பாய்க்கே என் ஓட்டு.

அடுத்த தவறு, பையில் எழுதியிருக்கும் வெப்பநிலையைப் பார்த்து ஏமாறுவது. ஐ.எஸ்.ஓ. 23537 என்ற சர்வதேசத் தரத்தின்படி சோதித்த பைகளுக்கு ‘கம்ஃபர்ட்’, ‘லிமிட்’, ‘எக்ஸ்ட்ரீம்’ என்று வெவ்வேறு அளவுகள் உண்டு. ‘லிமிட்’ என்பது, ஓர் ஆண் உடம்பைக் குறுக்கிக்கொண்டு எப்படியோ இரவைத் தள்ளக்கூடிய அளவு. ‘எக்ஸ்ட்ரீம்’ என்பதைத் தூங்குவதற்கான அளவாக நினைக்கவே வேண்டாம்; உயிர் பிழைக்கலாம் என்பதற்கு மேல் அது எந்த வாக்குறுதியும் தருவதில்லை. பையின் பெயரோடு ஒட்டிப் பெரிதாக அச்சிடப்படுவது பெரும்பாலும் ‘கம்ஃபர்ட்’ எண் அல்ல. நிம்மதியாகத் தூங்கக்கூடிய அளவு ‘கம்ஃபர்ட்’தான்; லேபிளில் அதைத் தேடிப் பிடியுங்கள். போகும் இடத்தின் இரவுக் குளிரைவிட அது ஐந்து டிகிரியாவது கீழே இருக்கட்டும்.

இனி ஈரம். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். மூட்டை சுமந்து ஏறும்போதும் கூடாரம் அடிக்கும்போதும் வேர்க்கிறது. வேலை நின்றதும் அந்த வேர்வையே நம்மை விறைக்க வைக்கிறது. பருத்தி பனியன் வேர்வையைக் குடித்துவிட்டு உடம்போடு ஒட்டிக்கொள்ளும், எளிதில் காயாது. கம்பளியோ செயற்கை இழைத் துணியோ அணியுங்கள். வேர்ப்பதற்கு முன்பே ஒரு சட்டையைக் கழற்றிவிடுங்கள். நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிர்ந்தால் சரியாக உடுத்தியிருக்கிறோம் என்று அர்த்தம். தூங்குவதற்கென்று ஒரு ஜோடி உலர்ந்த உடையும் காலுறையும் தனியே இருக்கட்டும். பகலில் என்ன ஆனாலும் அதைத் தொடக் கூடாது.

ஈரம் வெளியிலிருந்து வந்தால்தானே என்று கூடாரத்தின் காற்றுத் துவாரங்களை எல்லாம் மூடிவிடுகிறவர்கள் உண்டு. நம் மூச்சிலேயே ஈரம் இருக்கிறது. அது வெளியேற வழியில்லாமல் உள்துணியில் படிந்து உறைகிறது. விடிகாலையில் எழுந்து தலை கூடாரத்தில் இடித்தால், பொடி உப்பு போலப் பனித்தூள் முகத்தில் கொட்டும். சற்று நேரத்தில் அது உருகிப் பையை நனைக்கும். மேல் துவாரத்தைத் திறந்தே வையுங்கள். மூக்கு குளிர்கிறது என்று முகத்தைப் பைக்குள் புதைப்பதிலும் இதே தொல்லைதான். தலைக்குக் கம்பளிக் குல்லாய், கழுத்துக்கு மஃப்ளர், மூக்கும் வாயும் வெளியே.

கால் குளிரும்போது காலுறைக்கு மேல் காலுறை மாட்டத் தோன்றும். ஷூ இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து பாதம் இன்னும் விறைக்கும்.

நடுங்கிக்கொண்டே பைக்குள் நுழைவதும் தவறு. பை இருக்கும் சூட்டைக் காக்கும். இல்லாத சூட்டை எப்படிக் காக்கும்? படுக்கும் முன் கொழுப்புள்ள உணவாகக் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுக் கூடாரத்தைச் சுற்றி நாலு நடை வேகமாக நடக்கலாம், வேர்க்காமல். கெட்டி மூடியுள்ள பாட்டிலில் சுடுநீர் ஊற்றி, தலைகீழாகப் பிடித்து ஒழுகவில்லை என்று உறுதி செய்து, காலுறைக்குள் போட்டுத் தொடை இடுக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய இரத்தக் குழாய்கள் அங்கே தோலுக்கு அருகே ஓடுவதால் சூடு உடம்பெங்கும் பரவும். மதுவைத் தொடாதீர்கள். அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்துவிடுகிறது. சூடேறியது போலத் தோன்றும் அந்த நேரத்தில்தான் உள்சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். சிறுநீரை அடக்கிக்கொண்டு கிடப்பது வேண்டாம். அதைச் சூடாக வைக்கவே உடம்பின் ஆற்றல் செலவாகிறது என்பார்கள். அந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கையில்லை; ஆனால் முட்டிக்கொண்டு நிற்கும்போது தூக்கம் எங்கே வரும்?

மற்றத் தவறுகள் தூக்கத்தைத்தான் கெடுக்கும், அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுவருவது உயிரையே எடுக்கும். பெரும்பாலும் இது சமையலில் தொடங்குகிறது. கேஸ் குப்பியில் இருக்கும் பியூட்டேன் சுமார் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. வெளியே அடுப்பு சோம்பி எரிவதைப் பார்த்து உள்ளே தூக்கி வருகிறார்கள். உள்ளே வந்ததும் கதகதப்பு பிடித்துப்போய் அணைக்க மனம் வருவதில்லை. எரியும் எந்த அடுப்பும் கார்பன் மோனாக்சைடை வெளியிடலாம். கரி அடுப்பு இன்னும் மோசம். அணைந்துவிட்டது போலக் கிடக்கும் கங்கும் அதை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல், கிறக்கம் என்று வந்து, வெறும் அசதி என்று நினைத்துத் தூங்கப் போனவர் எழுந்திருப்பதில்லை. குளிருக்கென்று புரொபேன் கலந்த குப்பியை வாங்குங்கள். சமைக்கும் முன் அதைச் சட்டைக்குள் வைத்து உடம்புச் சூட்டில் இதமாக்கிக்கொண்டு வெளியிலேயே சமையுங்கள்.

கூடாரத்தைப் பள்ளத்தாக்கின் அடியில் போட வேண்டாம். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் தண்ணீர் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். காற்று மறைப்புள்ள இடமாகப் பார்த்துச் சற்று மேலே ஏறினாலே வித்தியாசம் தெரியும்.

கூட வந்தவரையும் கவனியுங்கள். உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் பேச்சு குழறும், நடை தடுமாறும், ஜிப்பை இழுக்கக்கூட விரல் ஒத்துழைக்காது. அதுவரை நடுங்கியவர் நடுக்கம் நின்று ‘இப்போது குளிரவில்லை’ என்று சொன்னால், தேறிவிட்டார் என்று விட்டுவிடாதீர்கள், நிலைமை முற்றியிருக்கிறது. உடனே மருத்துவ உதவிக்குச் சொல்லி அனுப்புங்கள். மெதுவாக ஈர உடையைக் கழற்றி, உலர்ந்ததை உடுத்தி, கீழே பாய் போட்டுப் பைக்குள் படுக்க வையுங்கள். தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால் இனிப்பான சூடான பானம் கொடுக்கலாம். ஆனால் கை கால்களைத் தேய்த்துவிட வேண்டாம்.