கொலு வீட்டில் நாய்: தொங்குகிற சரத்தை இழுக்காதீர்கள்

சென்ற நவராத்திரியில் ஒரு வீட்டுக்குக் கொலு பார்க்கப் போயிருந்தேன். ஏழு படி. கீழ்ப்படியில் மரப்பாச்சித் தம்பதி, அதற்கும் கீழே தரையைத் தொட்டபடி ஜிகினாச் சரம், அதன் நுனியை மோந்துகொண்டு ஐந்து மாதக் குட்டி நாய். “அதுவும் கொலு பார்க்கிறது” என்று சிரித்தார் வீட்டுக்கார அம்மாள். நான் சுண்டலைக் கீழே வைத்துவிட்டுச் சரத்தைச் சுருட்டி மேல்படியில் போட்டேன். விருந்தாளி செய்கிற காரியம் இல்லைதான். ஆனால் ஏழு ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படிச் சிரித்தவள்.

குத்துவிளக்கை நாய்க்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவற்றுக்கு வருகிறேன்.

பாச்சை உருண்டை

பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்கும் நாளிலேயே ஆபத்து தொடங்கிவிடுகிறது. போன வருடம் போட்ட உருண்டைகள் கரைந்து பட்டாணி அளவில் செய்தித்தாள் மடிப்புகளில் ஒளிந்திருக்கும். பிரிக்கிற அவசரத்தில் ஒன்று சோபாவுக்கு அடியில் ஓடிவிடும். அதிலுள்ள நாப்தலீன் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. பெட்டியைப் பிரித்து, பெருக்கி முடிக்கும்வரை நாய் வேறு அறையில் இருக்கட்டும்.

ஜிகினாச் சரம்

எங்கள் கருப்பி நாட்டு நாய். நாலாம் நாள் மாலை, பிள்ளைகள் சுண்டல் தின்ற கையோடு சரத்தைப் பிடித்து விளையாடினார்கள். தேங்காய் வாசனையோடு மின்விசிறிக் காற்றில் ஆடுகிற சரத்தை எந்த நாய் விடும்? காலையில் பார்த்தால் மூன்று முழம் குறைந்திருந்தது. “தானாக வந்துவிடும், வாழைப்பழம் கொடு” என்றார்கள். கொடுத்தேன். இரவெல்லாம் வாந்தி. மறுநாள் மலத்தோடு நான்கு விரல் நீளம் தொங்கியது. வந்துவிட்டது என்ற நிம்மதியில் பிடித்து இழுத்தேன். கருப்பி திரும்பி என் மணிக்கட்டைக் கவ்வியது. அதுவரை யாரையும் கடித்ததில்லை.

பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குமே, உள்ளே நடப்பதும் அதுதான். நூலின் ஒரு பகுதி இரைப்பை வாயிலிலோ குடலிலோ சிக்கிக்கொள்கிறது. மீதியைத் தள்ளப் பார்க்கும் குடல் நூலின் மேலேயே கொசுவம் கொசுவமாக ஏறிவிடுகிறது. இழுக்க இழுக்க நூல் குடல் சுவரை அறுக்கும். கருப்பியின் குடலில் இரண்டு இடங்களில் திறந்து எடுத்தார்கள். செலவு 28,000 ரூபாய். அந்த வாழைப்பழ யோசனையை இன்றைக்கும் யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் தாங்குவதில்லை.

விழுங்கியது தெரிந்தவுடன் போனால், வாந்தி எடுக்க வைத்தோ குழாய்க் கருவி செலுத்தியோ மருத்துவரே வெளியே எடுக்க வாய்ப்புண்டு. வீட்டில் உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள். மிச்சச் சரத்தில் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோங்கள். எக்ஸ்ரேயில் நூல் தெரியாமல் போகலாம். முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கியபடியே நாய் நின்றால் அது வயிற்று வலியாக இருக்கலாம், விளையாட்டு என்று விட்டுவிடாதீர்கள்.

அரளி

வீட்டுக்குள்ளேயே வேண்டாம். பூவும் இலையும் இதயத்தைத் தாக்கும்.

உலர்திராட்சை

பாயசத்தில் கிடப்பதும் சேர்த்துத்தான். சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

படித் துணி

தொங்கும் நுனியை உள்ளே செருகுங்கள், நாய் இழுத்தால் பொம்மையும் சேர்ந்து விழும். மதுரைப் பக்கம் விளாச்சேரியில் செய்த எங்கள் தசாவதார செட்டில் இப்போது ஒன்பது அவதாரம்தான்.

கலைக்கும் நாள்

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்ததோடு நம் கவனமும் படுத்துவிடுகிறது. அறுந்த நூல், உதிர்ந்த ஜிகினா, காய்ந்த பூச்சரம் எல்லாம் மறுநாள் தரையில்தான் கிடக்கும். பெட்டி மூடியின் உட்பக்கம் ‘சரம் 6’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு எண்ணியபோது ஐந்துதான் இருந்தது. ஆறாவது பீரோவுக்குப் பின்னால் அகப்படும்வரை கருப்பியின் வாயை இரண்டு முறை திறந்து பார்த்துவிட்டேன்.