இங்கிலாந்துப் பண்ணை வண்டிச் சொற்கள்: தமிழாக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் கிராமத்துக் கதைகளைத் தமிழாக்கத் தொடங்கும் புதியவர்களின் படிகளைத் திருத்தும்போது, ஒரே வகைப் பிழைகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. அகராதியைத் திறக்காததால் வரும் பிழைகளை விட்டுவிடுகிறேன். திறந்து பார்த்த பின்னும் நேர்பவையே இங்கு முக்கியம்.

வட்டாரக் குறியைப் பாராமல் பொருள் கொள்வது

ஜோசப் ரைட் 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட ஆங்கில வட்டார வழக்கு அகராதியில், சொல் வழங்கும் கவுண்டிகளின் (இங்கிலாந்தின் மாவட்டங்களின்) பெயர்கள் சுருக்கக் குறிகளாகத் தரப்பட்டிருக்கும். (சிறுவயதில் யார்க்‌ஷயர் கல்குவாரியில் கழுதை வண்டி ஓட்டிப் பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியரானவர் அவர்.) அக்குறிகளைத் தாண்டிச் செல்பவர்களே அதிகம். எருவைக் கொண்டுபோய்ப் பின்பக்கம் சாய்த்துக் கொட்டும் வண்டி, சஃபோக்கில் டம்ப்ரில், டெவனில் பட், சாமர்செட்டில் புட், வடக்கே கூப். நான் திருத்திய ஒரு படியில், டெவன் பண்ணையாட்கள் காலை முழுவதும் எருவைப் பீப்பாயில் ஏற்றினார்கள். அந்தப் பீப்பாயைக் குதிரை வயலுக்கு இழுத்துச் சென்றது. அங்கே முளையைக் கழற்றியதும் பீப்பாய் பின்புறமாகச் சாய்ந்து எருவைக் கொட்டியது. பொது அகராதியில் பட் என்றால் பீப்பாய் என்றும் இருப்பது உண்மைதான். ஆனால் சக்கரம் வைத்த பீப்பாயைப் பார்த்தும் மொழிபெயர்த்தவருக்கு ஐயம் எழவில்லையே என்பதில்தான் எனக்கு இன்றுவரை எரிச்சல். பக்கம் கட்டி முடித்த பின்னர் இது தெரியவந்ததால், அந்த அத்தியாயம் முழுவதையும் மீண்டும் கோக்க வேண்டியதாயிற்று. இன்னொருவர் சஃபோக்கின் எருவண்டியைப் அதே டம்ப்ரில் என்ற பெயரால் ஆங்கிலத்தில் அழைக்கப்படும், பிரெஞ்சுப் புரட்சியில் கைதிகளைக் கில்லட்டினுக்கு ஏற்றிச் சென்ற வண்டியாகவே கொண்டு, அடிக்குறிப்பும் எழுதியிருந்தார்.

ஒரே பெயர் இருவேறு வண்டிகளைக் குறிப்பதும் உண்டு. கார்ன்வாலில் வெயின் என்பது இரு சக்கர அறுவடை வண்டி. ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821இல் வரைந்த ‘தி ஹே வெயின்’ ஓவியத்தில் ஸ்டோர் ஆற்றில் நிற்பதோ நான்கு சக்கர வேகன். ஓவியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கார்ன்வால் வண்டியை வருணித்தால், அது திரும்பும் விதமும் பாரம் ஏற்றும் முறையும் பிசகிவிடும்.

சக்கர எண்ணிக்கையைச் சொல்லாமல் விடுவது

தமிழில் எல்லாமே வண்டியாகிவிடுவதால், முதலில் வரும் இடத்திலேயே எத்தனை சக்கரம் என்று சொல்லிவிட வேண்டும். லிங்கன்ஷயரின் மார்ஃப்ரி இதில் தனி ரகம்: மற்ற நாள்களில் இரு சக்கர வண்டியாக ஓடுவது, அறுவடைக் காலத்தில் முன்புறம் இன்னொரு இணைச் சக்கரம் பூட்டப்பட்டு வேகனாகிவிடும்.

குதிரைக்கு நுகத்தடி பூட்டுவது

கூடாது. குதிரை இரண்டு ஏர்க்கால்களுக்கு நடுவே நின்று, கழுத்துப்பட்டையால் இழுக்கிறது.

எழுத்தைப் பார்த்து ஒலிபெயர்ப்பது

சக்கரத்தின் மர விளிம்பான வட்டையை ஆங்கிலத்தில் ஃபெல்லோ என்று எழுதினாலும், பட்டறையில் ஃபெல்லி என்றே சொல்வார்கள்.

காலத்தைக் குழப்புவது

ஹெரால்ட் ஆர்ட்டன் தலைமையில் 1950 முதல் 1961 வரை 313 ஊர்களில் வட்டாரச் சொற்களைத் திரட்டியவர்கள், பெரும்பாலும் முதிய உழவர்களிடமே கேட்டார்கள். எனவே அந்தத் தொகுப்பில் உள்ள குதிரை வண்டிச் சொற்களை இன்றைய டிராக்டர் ஓட்டுநரின் வாயில் வைக்கக் கூடாது.