காலுக்குள் ராடு வைத்த பிறகு வீட்டில் செய்ய வேண்டியவை

ஈரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஸ்கூட்டர் சறுக்கியதில் வலது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே எலும்பு இரண்டாக உடைந்தது. உள்ளே நீளமாக ஒரு டைட்டானியம் ராடு செருகி, மேலும் கீழும் ஸ்க்ரூ போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது தெருவில் யார் வீட்டில் இந்த ஆபரேஷன் நடந்தாலும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் உடைப்பு வேறு மாதிரி இருக்கலாம். கால் ஊன்றுவதிலும் மாத்திரையிலும் உங்களுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னதை மட்டும் கேளுங்கள்.

ராடு வைத்துவிட்டால் கால் சரியாகிவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். ராடு எலும்பை ஒட்ட வைப்பதில்லை. தைப்பதற்கு முன்னால் துணி விலகாமல் இருக்க நூல் ஓட்டி வைப்போமே, அந்த வேலையைத்தான் அது செய்கிறது. நிஜமான தையலை எலும்பே போட்டுக்கொள்ள வேண்டும். கெண்டைக்கால் எலும்பு கூடுவதற்கு நான்கு, ஐந்து மாதம் ஆவது சாதாரணம். எலும்பு கூடாமல் ராடு மேலேயே பாரம் விழுந்துகொண்டிருந்தால் எந்த உலோகமும் ஒருநாள் முறியும். அதனால் இந்த மாதங்களில் நாம் செய்கிற சின்னச் சின்ன வேலைகள் எல்லாமே முக்கியம்.

முதல் இரண்டு வாரத்தில் வீக்கத்தை வடிய வைப்பதுதான் பெரிய வேலை. நெஞ்சு மட்டத்துக்கு மேலே கால் இருக்கும்படி தலையணைகளை அடுக்குங்கள். முழங்காலுக்கு அடியில் மட்டும் தலையணையை வைத்துவிட்டுத் தூங்காதீர்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் மடங்கிய முழங்கால் பிறகு நீட்ட வராமல் அடம்பிடிக்கும். கெண்டைக்கால் முழுவதும் தாங்கலில் இருக்க, குதிகால் மெத்தையில் அழுந்தாமல் இருக்க வேண்டும். காலைத் தொங்கப் போட்டால் பாதம் சிவந்து ஊதா நிறமாகும். தூக்கி வைத்ததும் நிறம் திரும்பினால் பயமில்லை. சாயங்கால வீக்கம் பல மாதம் வரை வந்து போகும்.

விழித்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பாதத்தை மேலே இழுத்துக் கீழே அழுத்துங்கள், பத்து இருபது தடவை. ரத்தம் கட்டாமல் இருக்க இது உதவும். படுத்தே இருந்தால் பாதம் தானாகக் கீழே தொங்கிப் பழகிவிடும். அப்புறம் நிற்கும்போது குதிகால் தரையில் படாது. என்னிடம் இருந்த அகலமான காடாத் துணிப் பட்டையைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி, இரண்டு முனையையும் கையில் பிடித்து என் பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தேன். துண்டு போதும். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அதைக் கீழே அழுத்தி ஐந்து வரை எண்ணுங்கள். தொடைச் சதை கரையாமல் இருக்க இது உதவும். வலி மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்து இதையெல்லாம் செய்தால் சுலபம். சில வலி மாத்திரைகள் மலச்சிக்கலைக் கொண்டுவரும், தண்ணீரும் கீரையும் பழமும் கூடுதலாக வேண்டும்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அறிகுறிகளை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். தூக்கி வைத்தும் குறையாமல் கெண்டைச்சதை கல்லாக இறுகி வலிப்பது, மாத்திரைக்கும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகிற வலி, விரல்கள் மரத்துப்போவது அல்லது நீலமாவது, தையல் இடத்தில் சீழ், குளிர்காய்ச்சல். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டை முன்கூட்டியே மாற்றி வையுங்கள். இந்தியன் டாய்லெட் மட்டும்தான் இருக்கிறதென்றால் நடுவில் ஓட்டை வைத்த கமோடு நாற்காலி ஒன்று வாங்குங்கள், வாடகைக்கும் கிடைக்கிறது. குளிக்க பிளாஸ்டிக் நாற்காலி. மிதியடி, தரைவிரிப்பு எல்லாவற்றையும் சுருட்டி எடுத்துவிடுங்கள். புடவையும் தரையைத் தொடும் நைட்டியும் வாக்கரில் சிக்கும். நான் பழைய சுடிதார் பேன்ட்டின் வெளிப்பக்கத் தையலை முழங்காலுக்கு மேல் வரை பிரித்து, விரலிடை தூரத்தில் பிரஸ் பட்டன் வைத்தேன். கட்டு மாற்றவும் எக்ஸ்ரே எடுக்கவும் பேன்ட்டைக் கழற்றவே வேண்டியதில்லை. வாக்கரின் முன்கம்பியில் தொங்கவிட இரண்டு அறை வைத்த ஒரு துணிப்பை தைத்துக்கொள்ளுங்கள். போன், தண்ணீர் பாட்டில் அதில் போகும், இரண்டு கையும் வாக்கருக்கே இருக்கும்.

நடக்கும்போது முதலில் வாக்கர், அடுத்து ஆபரேஷன் செய்த கால், கடைசியில் நல்ல கால். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். நிலைவாசலும் ஒரு படிதான்.

எப்போது காலை ஊன்றலாம் என்பது ஒவ்வொருவருக்கும் மாறும். எலும்புத் தண்டுக்குள் ராடு என்றால் பெரும்பாலும் சீக்கிரமே கொஞ்சம் ஊன்றச் சொல்வார்கள். மூட்டுக்குப் பக்கத்தில் எலும்பின் மேல் பதிக்கிற பிளேட் என்றால் பல வாரம் காத்திருக்கச் சொல்லலாம். "பாதி பாரம் போடுங்க" என்றால் எவ்வளவு என்று நமக்கு எப்படித் தெரியும்? எத்தனை கிலோ என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எடை பார்க்கும் மெஷினில் அந்தக் காலை மட்டும் வைத்து, வாக்கரைப் பிடித்தபடி மெதுவாக அழுத்துங்கள். 20 கிலோ என்று சொல்லியிருந்தால் முள் 20-ஐத் தொடும்போது பாதத்தில் என்ன தெரிகிறது என்பதை மனதில் வையுங்கள். நாலைந்து முறை பழகினால் பிடிபடும்.

பாரம் போடுவதில் ஒரு நன்மையும் இருக்கிறது. அளவான அழுத்தம் விழுகிற எலும்பு பலப்படும். எனக்கு எக்ஸ்ரேயில் எலும்பு மெதுவாகக் கூடுவது தெரிந்ததும் டாக்டர் ஒரே ஒரு ஸ்க்ரூவை மட்டும் எடுத்துவிட்டார். உடைந்த எலும்பின் இரண்டு முனைகளும் நடக்கும்போது ஒன்றை ஒன்று அழுத்தட்டும் என்பதற்காக. உங்களுக்கும் அப்படிச் சொன்னால் ஆபரேஷன் தவறிவிட்டதோ என்று கலங்காதீர்கள், இது தெரிந்த வழிதான். எலும்பு மஜ்ஜைக்குள் கம்பியை நிறுத்தும் இந்த முறையை ஜெர்மனியின் கெர்ஹார்ட் குன்ட்ஷர் 1939-ல் தொடங்கினார். இத்தனை வருடம் உலகம் முழுக்கச் செய்து பார்த்த வைத்தியம் என்று தெரிந்தபோது எனக்கு நிஜமாகவே தைரியம் வந்தது.

சொந்தக்காரர்கள் எண்ணெய் போட்டு நீவச் சொல்வார்கள், புத்தூர் கட்டுக்குக் கூப்பிடுவார்கள். என் மாமியாரும் "கண்ணு, ஒரு தடவ போயிட்டு வந்துடலாம்" என்று பாசத்தோடுதான் சொன்னார். உள்ளே ராடு இருக்கும்போது வெளியே இறுக்கிக் கட்டுவதால் ரத்த ஓட்டம் தடைபடுமே தவிர வேறு பலன் இல்லை. உடைந்த இடத்தை அழுத்தி நீவவே கூடாது, காயத்தில் மஞ்சள் வைக்கவும் வேண்டாம். அவருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று இருந்தது, பிரண்டைத் துவையல் கேட்டேன். நல்லெண்ணெயில் நன்றாக வதக்கினால் நாக்கு அரிக்காது. உணவாக நல்லதுதான், அதை மட்டுமே நம்பக் கூடாது. ஆட்டுக்கால் சூப்பில் நினைக்கிற அளவு கால்சியம் கிடையாது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பால், தயிர், தினமும் முட்டை, பருப்பு, மீன் என்று புரதத்தைக் கூட்டுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அளவைக் கட்டுக்குள் வைத்தே ஆக வேண்டும். வீட்டு ஆண்கள் அடிபட்டிருந்தால் பீடி, சிகரெட்டை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சியாவது பாருங்கள். புகை எலும்பு கூடுவதைத் தெளிவாகத் தாமதப்படுத்துகிறது.

எலும்பு கூடிய பிறகும் உலோகம் உள்ளே இருப்பது சில இடங்களில் தெரியும். கால் ராடு முழங்கால் சில்லுக்குக் கீழேதான் நுழைகிறது. அதனால் மண்டியிட்டால் வலி வருவது சகஜம். கோலம் போட நான் சின்ன முக்காலியில் உட்காருகிறேன். கணுக்காலுக்கு மேலே உட்பக்கம் தோல் மெல்லிசு, அங்கே ஸ்க்ரூவின் தலை விரலுக்குத் தட்டுப்படும். கொலுசு சரியாக அதன் மேல்தான் உரசும். வலது காலுக்கு மட்டும் வளையங்களைக் கூட்டி, தொளதொளவென்று கீழே இறங்கும்படி செய்துகொண்டேன். செருப்பின் வார் அங்கே படாததாகப் பார்த்து வாங்குங்கள்.

பிசியோ சென்டரில் ஒத்தடத்துக்கு மெஷின் வைப்பதற்கு முன்னால் உள்ளே உலோகம் இருப்பதைச் சொல்லுங்கள். ஷார்ட் வேவ் என்கிற மின்காந்த அலைச் சூட்டை உலோகம் இருக்கிற இடத்தில் கொடுக்கக் கூடாது, உள்ளே சூடேறிச் சதை வெந்துவிடும். எனக்கு மெஷினே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "அக்கா, உங்க தையல் மெஷின்தான் உங்களுக்கு பிசியோ" என்றார் அங்கிருந்த பிசியோ பெண். மோட்டாரைக் கழற்றிவிட்டு, ஊசியில் நூல் கோக்காமல், இரண்டு பாதத்தையும் பெடலில் வைத்து மெதுவாக மிதித்தேன். கணுக்கால் மேலும் கீழும் அசைவதற்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் பெடல் மெஷின் இருந்தால் பிசியோவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் பயப்பட வேண்டாம். டைட்டானியத்தோடு பொதுவாக எடுக்கலாம், ஆனால் முன்கூட்டிச் சொல்வது கட்டாயம். ராடுக்குப் பக்கத்துப் படம் மட்டும் கலங்கலாக வரும். ஏர்போர்ட்டிலோ மதுரை மீனாட்சியம்மன் கோயில் வாசலிலோ மெஷின் சத்தம் போடலாம், போடாமலும் இருக்கலாம். காலில் கம்பி இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் கையில் வைத்திருக்கும் கருவியால் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் நோட், ராடின் அளவும் கம்பெனியும் போட்ட ஸ்டிக்கர், எல்லா எக்ஸ்ரேயும் ஒரே பையில் இருக்கட்டும். போனிலும் படம் எடுத்து வையுங்கள். ராடை எடுக்கிற நாளில் அந்த ஸ்டிக்கர் இருந்தால் டாக்டருக்குச் சரியான கருவியைத் தருவிப்பது சுலபம்.

எடுத்தே ஆக வேண்டும் என்று பெரியவர்களுக்குக் கட்டாயம் இல்லை. உறுத்தல், வலி, கிருமித்தொற்று இருந்தால் எடுப்பார்கள். வயதானவர்களுக்குப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். எடுப்பதென்றால் எலும்பு முழுதாகக் கூடியதை எக்ஸ்ரேயில் உறுதி செய்துகொண்டு, ஒன்று ஒன்றரை வருடத்துக்குப் பிறகு. எடுத்தபின் ஸ்க்ரூ இருந்த ஓட்டைகள் அடைய மாதங்கள் ஆகும். நடக்கலாம், வீட்டு வேலை பார்க்கலாம். குதிப்பது, ஓடுவது, பாரம் தூக்குவது, பைக் ஓட்டுவது இதற்கெல்லாம் டாக்டரிடம் தேதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.