மூன்று தட்டு அடுப்புத் தாங்கி: கடற்கரை வீட்டுக்கு

பியர் காய்ச்சும் பானைகளை மூன்று உயரங்களில் வைத்து, மேல் பானையில் உள்ளதைத் தானாகவே கீழ்ப் பானைக்கு இறங்கவிடும் இரும்புத் தாங்கி இது. ஆனால் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் பியர் காய்ச்சினால் இலங்கையில் கலால் வழக்குத்தான். இஞ்சிப் பானத்துக்கும் இதே தாங்கி போதும்.

40 லீற்றர் பானை நிரம்பினால் 45 கிலோ வரும். ஒன்றரை அங்குலச் சதுர இரும்புக் குழாய், 2 மில்லிமீற்றர் தடிப்பில் எடுங்கள். மேல் பானையின் பைப் வாய் கீழ்ப் பானையின் விளிம்புக்கு மேலே நிற்க வேண்டும்.

திருகோணமலையில் துரு குழாயின் உள்ளிருந்துதான் தின்னும். மேல்முனைகளை வெல்டிங்கால் அடைத்து, கால்களின் அடியில் 6 மில்லிமீற்றர் துளை விடுங்கள். வெல்டிங் கருகலைச் சுரண்டாமல் பெயின்ற் பூசினால் பொருக்காகக் கழன்றுவிடும்.

கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசினால் சுவாலை சாய்ந்து பானையின் ஒரு பக்கத்தையே சுடும். அடுப்பைச் சுற்றி மூன்று பக்கமும் தகரம் அடியுங்கள். அடியில் 2 அங்குலம் காற்றுக்கு விடுங்கள். கேஸ் சிலிண்டரைத் தட்டின் கீழே வைக்கவே வேண்டாம்: கொதிநீர் சிந்தினால் முதலில் வேகுவது கேஸ் குழாய்தான்.