நிகோடின் கம்: மெல்லுவதைவிடக் கொடுப்பில் ஒதுக்கி வைப்பதுதான் முக்கியம்

போன தை நோம்பிக்கு அக்கா மகன் துபாயிலிருந்து வந்தபோது சட்டைப் பையிலிருந்து ஒரு வேப்பை, அதாவது மின் சிகரெட்டை, எடுத்துக் காட்டினான். விரல் நீளம்தான் இருக்கும். திரவம் தீரத் தீர நாமே ஊற்றி நிரப்பிக்கொள்ளும் ரகம். "சிகரெட்டை விட முடியலைங்கறீங்களே மாமா, இதை ஒருக்கா இழுத்துப் பாருங்க" என்றான். பையன் நல்லெண்ணத்தில்தான் சொன்னான். நான் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக நான் எடுத்துக்கொண்டது நிகோடின் கம், சிகரெட்டுக்கு அடிமையாக்குகிற நிகோடினைப் புகையில்லாமல் கொடுக்கிற மெல்லும் மருந்து. அதைத்தான் இங்கே விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் திருப்பூரில் என்னோடு வேலை செய்கிற பையன்கள் நாலைந்து பேர் சிகரெட்டை விட வேப் பிடிக்கலாமா என்ற கேள்வியோடு வருகிறார்கள்.

முதலில் அந்தச் சாதனத்தைப் பற்றிச் சுருக்கமாக. உள்ளே ஒரு சின்ன பேட்டரி, ஒரு சூடேறும் கம்பிச் சுருள், அதைச் சுற்றிப் பஞ்சு. கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்காலும் கலந்த திரவத்தில் நிகோடினும் வாசனையும் சேர்த்து ஊற்றுகிறோம், இழுக்கும்போது சுருள் சூடாகி அது ஆவியாகிறது. எதையும் எரிக்காததால் சிகரெட்டின் தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் கிடையாது, அது உண்மை. இங்கிலாந்தில் சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கு அரசு மருத்துவ சேவையே இதைச் சொல்கிறது. ஆனால் அங்கே ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோடின் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்து விற்கிறார்கள். நம் ஊரில் கைமாறி வருகிற புட்டியில் என்ன இருக்கிறது என்று யார் சோதித்தார்கள்? தமிழ்நாட்டில் 2018 செப்டம்பரிலேயே தடை வந்துவிட்டது, 2019-ல் மத்திய சட்டமும் வந்தது. விற்பது, இறக்குமதி செய்வது, கொண்டுபோவது எல்லாமே குற்றம். முதல் தடவைக்கே ஒரு வருடம் வரை சிறை, இல்லை 1 லட்சம் வரை அபராதம், இல்லை இரண்டும். சிகரெட்டே பிடிக்காதவர்கள் வாசனைக்காக இதைத் தொடவே வேண்டாம், இல்லாத பழக்கத்தை விலை கொடுத்து வாங்குவது அது.

சரி, நிகோடின் கம்முக்கு வருவோம். இது எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு அளவு. எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு 4, அதற்கு அப்புறம் பிடிப்பவருக்கு 2 என்பது பொதுக் கணக்கு. 4 எடுப்பதாக இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் காலையில் 6 மணிக்கு எழுந்தாலும் 7 மணிக்கு மேல் பேக்கரியில்தான் முதல் தம் போடுவேன், அதனால் எனக்கு 2 போதும் என்றார்கள்.

இதில் என் அனுபவம் ஒன்று உண்டு. மூன்று வருடத்துக்கு முன்னாலேயே ஓர் அட்டை வாங்கினேன். யாரும் முறையைச் சொல்லவில்லை, நானும் அட்டையோடு இருந்த தாளைப் படிக்கவில்லை. பப்புள் கம் மாதிரி வேகவேகமாக மென்று எச்சிலை விழுங்கினேன். பத்து நிமிடத்தில் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல். இது நமக்கு ஒத்துவராது என்று அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் நாளுக்கு 12 சிகரெட். அந்த மூன்று வருடத்தை நினைத்தால் இன்னமும் வருத்தமாக இருக்கிறது. ஒரு பல் டாக்டர்தான், கடைவாய்ப் பல்லைப் பார்க்கப் போன இடத்தில், என் கன்னத்தின் மேல் விரலை வைத்து "இங்கே ஒதுக்கி வைக்கணும்ங்க, மெல்லுறதுக்கு இல்லீங்க" என்று காட்டிக் கொடுத்தார்.

என் அமுச்சி (அம்மாவின் அம்மா) புகையிலையைக் கொடுப்பில், அதாவது கன்னத்துக்குள், அடக்கிக்கொண்டு மத்தியானம் முழுக்கக் கடலைக்காய் உரிக்கும். வாய் அசையவே அசையாது. கம்மையும் அப்படித்தான் வைக்க வேண்டும். (புகையிலை வாய்ப் புற்றுநோய் கொடுக்கும், கம்மில் புகையிலை கிடையாது. வைக்கிற விதத்தை மட்டும்தான் சொல்கிறேன்.) வாயில் போட்டு மெதுவாக மெல்லுங்கள், ஒரு கடி, கொஞ்சம் விட்டு இன்னொரு கடி. மிளகைக் கடித்த மாதிரி ஒரு சுருக்கென்ற காரம் வரும், ஈறு லேசாக மதமதக்கும். அந்த நொடியே நிறுத்திவிட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவிடுங்கள். நிகோடின் இறங்க வேண்டியது அந்தக் கன்னத் தோல் வழியாகத்தான். விழுங்கினால் வயிற்றுக்குப் போய் விக்கலும் எரிச்சலும்தான் மிச்சம். ஒன்றிரண்டு நிமிடத்தில் காரம் அடங்கியதும் மறுபடி நாலு கடி, இந்தத் தடவை அடுத்த பக்கக் கன்னம். இப்படியே அரை மணி நேரம் ஓடும். கடித்தும் காரம் வரவில்லையென்றால் தீர்ந்துவிட்டது, காகிதத்தில் மடித்துக் குப்பையில் போடுங்கள்.

அடுத்தது டீ. நம் பக்கம் இதுதான் பெரிய சிக்கல். வாயில் புளிப்புத்தன்மை இருந்தால் நிகோடின் கன்னத்தில் இறங்காது. டீ, காபி, ஜூஸ், சோடா எல்லாமே அதைக் கெடுக்கும், மோரும் அப்படித்தான். ஆகவே கம் போடுவதற்கு 15 நிமிடம் முன்னாலிருந்து, வாயில் இருக்கும் வரைக்கும், தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம். ஆனால் பேக்கரிக்குப் போகாமல் பனியன் கம்பெனியில் யாரால் வேலை செய்ய முடியும்? நான் போகாமல் இருக்கவில்லை, நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டேன். எங்களுக்கு 11 மணிக்கு டீ டைம். 10.15-க்கு ஒரு கம். 10.45-க்கு முடிந்துவிடும். சிகரெட் புகை சில நொடியில் மூளைக்கு ஏறும், கம் ஏற அரை மணி நேரம் ஆகும். ஆகவே ஆசை வந்த பிறகு போட்டால் பிந்திப்போகும், முன்கூட்டியே போட வேண்டும். 11 மணிக்குப் பேக்கரி வாசலில் நிற்கும்போது உடம்பில் ஏற்கனவே நிகோடின் இருக்கும், கை தானாகப் பெட்டிக் கடைப் பக்கம் நீளாது. முதல் வாரம் ஒரு கையில் டீயும் இன்னொரு கையில் தேங்காய் பன்னும் பிடித்துக்கொண்டேன், சிகரெட் பிடிக்கக் கை காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக. அது உண்மையிலேயே உதவியது.

எத்தனை போடுவது? முதல் 6 வாரம் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்கு 9-க்குக் குறைய வேண்டாம், 24-ஐத் தாண்டவும் கூடாது. பயந்துபோய் மூன்று நாலு மட்டும் போடுகிறவர்கள்தான் பத்தாவது நாளில் மறுபடி பற்றவைக்கிறார்கள், எங்கள் கட்டிங் செக்‌ஷனிலேயே இரண்டு பேரைப் பார்த்துவிட்டேன். 7 முதல் 9 வாரம் இரண்டு முதல் நாலு மணிக்கு ஒன்று. 10 முதல் 12 வாரம் நாலு முதல் எட்டு மணிக்கு ஒன்று. அப்புறம் நிறுத்திவிடலாம். கம் போடுகிற நாட்களில் "ஒண்ணே ஒண்ணு" என்று சிகரெட் பிடிக்காதீர்கள்.

தாடை வலித்தால் வேகமாக மெல்லுகிறீர்கள் என்று அர்த்தம். பல்செட் கட்டியவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். அட்டையைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், மிட்டாய் என்று நினைத்துவிடும்.

ராத்திரி ஷிப்டில்தான் மனது ரொம்ப அலையும். பக்கத்தில் பேச ஆள் இல்லாவிட்டால் பகலிலேயே 1800-11-2356-க்குக் கூப்பிட்டு வையுங்கள், புகையிலையை விட நினைப்பவர்களுக்கான அரசு எண், காசு கிடையாது. விடுகிற தேதியை அவர்களோடு பேசி முடிவு செய்யலாம். நான் ஒரு திங்கட்கிழமையை வைத்தேன், ஞாயிறு சம்பளக் காசில் கம் அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து. அக்கா மகன் திரும்பிப் போகும்போது அவன் பையிலும் இரண்டு அட்டை வைத்து அனுப்பினேன், ஒதுக்குகிற இடத்தைக் கன்னத்தில் தொட்டுக் காட்டிவிட்டு.