மும்முனை மின்னோட்டத்தை டி-கியூ அச்சுக்கு மாற்றுவது எப்படி?

சின்க்ரனஸ் மோட்டாரின் ரோட்டார் (சுழலும் பகுதி) சுழலச் சுழல, சுருள்களுக்கிடையிலான இண்டக்டன்ஸ் (மின்தூண்டல் அளவு) மாறிக்கொண்டே இருக்கும். சிமுலேஷன் சிக்கலாவது இதனால்தான். ரோட்டாரோடு சேர்ந்து சுழலும் டி, கியூ என்ற இரண்டு அச்சுகளுக்குக் கணக்கை மாற்றிவிட்டால் இண்டக்டன்ஸ் மாறிலியாகிவிடும். 1929-இல் ஆர். எச். பார்க் காட்டிய வழி இது.

படி 1. முதலில் மோட்டாரைத் தொடவேண்டாம். விடை தெரிந்த 50 ஹெர்ட்ஸ் சிக்னலை உருவாக்குங்கள் (ஆர், ஒய், பி மூன்று முனைகளின் மின்னோட்டங்கள்; தீட்டா சுழலும் அச்சின் மின்கோணம்):

ஆர் = 10 × காஸ்(தீட்டா)
ஒய் = 10 × காஸ்(தீட்டா − 120°)
பி = 10 × காஸ்(தீட்டா + 120°)

படி 2. கிளார்க் மாற்றம். மூன்று மின்னோட்டங்கள் ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டாகின்றன, அச்சு இன்னும் சுழலவில்லை.

ஆல்ஃபா = (2/3) × (ஆர் − ஒய்/2 − பி/2)
பீட்டா = (ஒய் − பி) / √3

நியூட்ரல் இணைக்காத ஸ்டார் இணைப்பில் மூன்றின் கூட்டுத்தொகை பூஜ்யம். எனவே இரண்டு சென்சார் போதும்: ஆல்ஃபா = ஆர், பீட்டா = (ஆர் + 2ஒய்) / √3.

படி 3. பார்க் மாற்றம்.

டி = ஆல்ஃபா × காஸ்(தீட்டா) + பீட்டா × சைன்(தீட்டா)
கியூ = −ஆல்ஃபா × சைன்(தீட்டா) + பீட்டா × காஸ்(தீட்டா)

கையால் சரிபாருங்கள். தீட்டா 30° எனில் ஆர் 8.66, ஒய் 0, பி −8.66. ஆல்ஃபா 8.66, பீட்டா 5. டி = 7.5 + 2.5 = 10; கியூ = −4.33 + 4.33 = 0. எந்தக் கோணத்திலும் இதே விடைதான் வரவேண்டும்.

டி 12.25 என்று வந்தால், 2/3-க்குப் பதில் √(2/3) கெழு நுழைந்திருக்கிறது. அதுவும் சரியான முறையே. திறன் மாறாமல் இருக்கும். ஆனால் டார்க் (முறுக்குவிசை) சமன்பாட்டில் 1.5 பெருக்கல் 2/3 முறைக்கு மட்டுமே உண்டு. இரண்டையும் கலந்தால் டார்க் தவறிப்போகும், வரைபடமோ அழகாகவே தெரியும். புதியவர்களை அதிகம் ஏமாற்றும் இடம் இது.

டி 0, கியூ −10 என வந்தால், காஸ் இருக்கவேண்டிய இடத்தில் சைன் சிக்னல் கொடுத்திருக்கிறீர்கள்.

டி, கியூ வரைபடத்தில் நேர்கோடு வராமல் அலை வந்தால், அதன் அதிர்வெண்ணை அளந்துவிடுங்கள். பிழை எங்கே என்று அதுவே சொல்லிவிடும். 100 ஹெர்ட்ஸ் எனில் ஒய்யும் பியும் இடம் மாறியிருக்கும், அல்லது மூன்று முனைகளும் சமமாக இல்லை. 50 ஹெர்ட்ஸ் எனில் சென்சார் அளவீட்டில் டிசி ஆஃப்செட் (மாறாத கூடுதல் அளவு) கலந்திருக்கலாம். 4 துருவ மோட்டாரில் 25 ஹெர்ட்ஸ் வந்தால், ரோட்டார் கோணத்தைத் துருவ ஜோடி எண்ணான 2-ஆல் பெருக்க மறந்திருப்பீர்கள். தாறுமாறாகத் துள்ளினால், ரேடியன் கேட்கும் சார்புக்கு டிகிரி போயிருக்கிறதா என்று பாருங்கள்.